கையில் ஒன்று

தட்டு மாற்றப் பெரம்பலூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் கலையரசன், உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "என்னம்மா படிக்கிறே?" என்றார். வெற்றிச்செல்வி கணக்கு என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால், ஒருவகை எண்ணில் விடை கழித்தல் ஒன்று என்று சொல்லிவைத்தாள்.

கலையரசன் வயிறு குலுங்கச் சிரித்தார். "சிமெண்டு ஆலையில லாரிக்கு எடை போடறவன் நான். ஏத்த ஏத்தக் கூடும். கொறையுமா? யாரு காதுல பூ சுத்தற?"

கொளஞ்சியம்மாளுக்கு மகள்மேல்தான் முதலில் பற்றிக்கொண்டு வந்தது. அரியலூர்ச் சுரங்கத்தில் கல்லுடைத்து வெந்து சாவது இவளை இதற்குப் படிக்கவைக்கவா? வாசலில் கிடந்த சுண்ணாம்புக்கல் சில்லை எடுத்து வீசினாள். "போட்டுக் காட்டுடி!"

மகள் சிமெண்டுத் தரையில் வலமிருந்து இடமாக ஒன்பதுகளை எழுதிக்கொண்டே போனாள். "கூட்டக் கூட்டத் தொண்ணூத்தொம்போது, தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போதுன்னு எல்லாம் ஒன்பதாத்தான் வரும். இப்படியே முடிவில்லாம போவுதுன்னு வெச்சுக்க. இதோட ஒன்னு கூட்டும்மா."

நாற்பது வயதுக்குமேல் இரவுப் பள்ளியில் படித்த கூட்டல். ஒன்பதும் ஒன்றும் பத்து; சைபர் போட்டுக் கையில் ஒன்று. மறுபடியும் பத்து, சைபர், கையில் ஒன்று. கொளஞ்சியம்மாள் குந்தியபடியே நகர்ந்து சுவர்வரை போய்விட்டாள்.

"கையில இருக்கறத எங்கடி வெக்கறது?"

"வெக்க எடமே வராதும்மா. எல்லாம் சைபர். ஒன்னு கூட்டினா சைபர் ஆவுதுன்னா அது கழித்தல் ஒன்னுதான?"

"அந்தச் செவுத்தோரம் ஒன்னப் போட்டு முடிங்க" என்றார் கலையரசன்.

"முடியாதுங்க. இதுக்குக் கடைசின்னு ஒரு எடம் கெடையாது."

"எதுத்தா பேசற? பொய்ய சொல்லிக்குடுக்கற படிப்பு! இத்தோட நிறுத்தணும். சம்மதம்னா தட்ட மாத்துவோம்."

கொளஞ்சியம்மாள் விருட்டென்று எழுந்தாள்.

"பொய்யின்னா சொல்றீங்க? உங்களுக்கு வெளங்கல. எனக்குந்தான் வெளங்கல. போட்டுக் காட்டுன்னேன், பொய்யின்னனா? தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க!"

மாப்பிள்ளை வீட்டார் தெருமுனை தாண்டியதும் கொளஞ்சியம்மாள் மகள் பக்கம் திரும்பினாள்.

"நெசமாவே அப்படி எண்ணு இருக்கா?"

"இருக்கும்மா. லாரி எண்ணுற எண்ணு இல்ல. அது வேற."

"அதுல இவனாட்டம் ஆளுங்க இருக்கானுங்களா?"

"எண்ணுல எப்படிம்மா ஆளு..."

"அப்ப அதையே படிச்சுத் தொலடி!"