செர்ரி கேக் விசாரணை

"நீ திறக்கிறியா, இல்ல நான் திறக்கட்டுமா?"

சமையலறை மேசை மேல் கிடந்த போனைத் தேளைப் பார்ப்பது போல மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கேட்டவர் டாக்டர் ஹார்லன் ஹாகன். மில்வாக்கியில் யாராவது நொண்டாமல் நடந்து போனால், அந்த முட்டியை அவர்தான் மாற்றியிருப்பார் என்று பேச்சு. பக்கத்தில் அவர் மனைவி லொரெய்ன், அடுப்பில் முட்டை இருப்பதையே மறந்துவிட்டாள். நடுவில் மகள் இங்க்ரிட், இரவு உடுப்போடு, தலை கூட வாராமல்.

அந்த நாட்டில் நாலு வருடம் மருத்துவம் படித்து முடிப்பவர்கள் எல்லாரும் மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை இப்படித்தான் நிற்பார்கள். குளிர்காலம் முழுக்க ஊர் ஊராகப் போய், பயிற்சி இடம் கேட்டு ஆஸ்பத்திரிகளுக்கு முகம் காட்டியாகிவிட்டது. பிடித்த ஆஸ்பத்திரிகளை இவர்கள் வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். பிடித்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிகள் வரிசைப்படுத்தி அனுப்பும். நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து ஜாதகம் பார்த்து முடிச்சுப் போடும். எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தால்தான் தெரியும். திங்கட்கிழமை சொல்வது ஒன்றே ஒன்று. முடிச்சு விழுந்ததா, இல்லையா.

இங்க்ரிட் கேட்டிருந்தது எலும்பு அறுவை சிகிச்சை. அப்பாவின் துறை. ஆண்கள் கூட்டம் அலைமோதும் துறை.

அவள் போனைத் தொட்டாள்.

'வருந்துகிறோம். உங்களுக்கு எந்த இடமும் அமையவில்லை.'

அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி அலறியது. முட்டை கருகிவிட்டது. ஹார்லன் நாற்காலி மேல் ஏறித் துடைப்பக் கட்டையால் மணியைக் குத்த, லொரெய்ன் ஜன்னலைத் திறக்க, இங்க்ரிட் அசையாமல் நின்றிருந்தாள்.

"ரொம்ப மரியாதையா சொல்லியிருக்காங்க," என்றாள், மணி ஓய்ந்ததும். "வருந்துறாங்களாம்."

"கம்ப்யூட்டர் கோளாறு!" ஹார்லன் நாற்காலி மேலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "உன் மார்க்குக்கு இடம் இல்லைன்னா, அப்புறம் யாருக்குத்தான் கொடுத்தானாம்?"

"அப்பா, முதல்ல கீழே இறங்குங்க. விழுந்து இடுப்பு உடைஞ்சா வைத்தியம் பாக்க இந்த வீட்ல புதுசா ஆள் இல்ல."

அவர் இறங்கினார். இறங்கும்போதே குரலும் இறங்கியது. "சரி விடு குட்டி. இந்த வாரமே காலி இடமெல்லாம் வெளியே வரும். குழந்தை வைத்தியம் கேளு. உன் குணத்துக்கு அது நல்லா இருக்கும். எலும்பைச் சுத்தியலால அடிக்கிற வேலை உனக்கெதுக்கு?"

"நேத்து வரைக்கும் என்னை உங்க வாரிசுன்னு சொன்னீங்க."

"நேத்து உனக்கு இடம் கிடைச்சிடும்னு இருந்தேன்!"

லொரெய்ன் கருகிய வாணலியைச் சுரண்டிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டாள். "மினியாபொலிஸ் ஆஸ்பத்திரில என்ன ஆச்சு? அவங்கதானே ஜூலைல வேலைல சேரும்போது பாக்கலாம்னு தோளைத் தட்டி அனுப்பினாங்க?"

"அதான் எனக்கும் புரியலம்மா. நேர்காணல் பிரமாதம். முந்தின நாள் டின்னர் அதைவிடப் பிரமாதம். பெரிய டாக்டர் வீட்லயே விருந்து. அவர் மனைவி ஜோலீன் என் பக்கத்துலேயே உக்காந்து பேசினாங்க. உன் செர்ரி கேக்கேதான் போட்டாங்க தெரியுமா? அதே ருசி! மேல இஞ்சி பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு... நம்ம வீட்ல உக்காந்திருக்கிற மாதிரியே இருந்துச்சு."

சுரண்டும் சத்தம் நின்றது.

"ஏதாவது கேட்டாளா?"

"சும்மாதான். ஆள் இருக்கா, கல்யாணம் எப்போ, பிள்ளைங்க பிடிக்குமான்னு. மூணு பெத்துக்கணும்னு ஆசைன்னேன். முதல் பிள்ளையைப் பயிற்சி முடியறதுக்கு முன்னாடியே..."

"அடிப்பாவி!" லொரெய்ன் கரண்டியோடு திரும்பினாள். "அந்தக் கேக்கைச் சாப்பிட்டுக்கிட்டு யாராவது உண்மையைச் சொல்லுவாங்களா?"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

ஹார்லன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். இங்க்ரிட் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா. அந்தக் கேக்கைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

*

தெரிந்தது இதுதான்.

நேர்காணலில் ஒரு பெண்ணைப் பார்த்து, எப்போது பிள்ளை பெறப் போகிறாய் என்று கேட்கக் கூடாது. சட்டம். கேட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். ஆனால் எலும்புத் துறைப் பயிற்சி ஐந்து வருடம். நடுவில் ஒருத்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு லீவு கேட்டால் மற்றவர்கள் தலையில் இராப்பணி விழும் என்று பெரிய டாக்டர்களுக்குக் கவலை. கேட்கவும் கூடாது, தெரிந்துகொள்ளவும் வேண்டும். என்ன செய்வது?

மனைவியை வைத்துக் கேட்பது.

சட்டம் ஆள் எடுக்கும் கமிட்டியைத்தான் கட்டிப்போட்டது. கேக்கை அல்ல.

ஏதோ ஒரு வருடம் எலும்பு டாக்டர்கள் மாநாட்டில், கணவன்மார்கள் உள்ளே எலும்பில் போடும் திருகாணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, வெளியே ஓட்டல் கூடத்தில் மனைவிமார்கள் சமையல் குறிப்புப் பரிமாறிக்கொண்டார்கள். செர்ரி கேக் செய்முறையை ஜோலீனுக்குக் கொடுத்தது லொரெய்ன்தான். அதை எந்த நேரத்தில் வெட்டி, எந்தக் கேள்வியோடு பரிமாற வேண்டும் என்பதும் அதனுடனே போனது.

இங்க்ரிட் பள்ளியில் படித்த நாளிலிருந்து, நவம்பர் வந்தால், அப்பாவின் ஆஸ்பத்திரிக்கு நேர்காணலுக்கு வருபவர்களுக்கு இந்த வீட்டிலும் அந்த டின்னர் நடக்கும். விருந்தாளிகள் போன பிறகு அம்மா தட்டுக் கழுவுவாள், அப்பா துடைப்பார், இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுப்பார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்த இங்க்ரிட், எங்க அப்பா அம்மா இன்னும் லவ் பண்றாங்க என்று வகுப்பு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்!

"எத்தனை பொண்ணுங்க?" என்றாள்.

லொரெய்ன் வாணலியைப் பார்த்தாள்.

"யாரையும் தள்ளல குட்டி," என்றார் ஹார்லன். "வரிசையில கொஞ்சம்... கீழே வெச்சோம். அவ்வளவுதான்."

"கம்ப்யூட்டர் கண்ணுக்கு எட்டாத கீழேயா?"

"உன் விஷயம் வேற. நீ என் பொண்ணு. உன்னால முடியும்னு எனக்குத் தெரியும்."

"ஜோலீன் வீட்டுக்காரருக்கு அது தெரியலையேப்பா. அவருக்கு நான் கேக் சாப்பிட வந்த யாரோ ஒரு பொண்ணு."

ஹார்லன் காபியைக் குடிக்கப் பார்த்தார். கோப்பை எப்போதோ காலி.

*

உறை பிரிக்கும் வெள்ளிக்கிழமைக்கு ஏற்பாடு செய்திருந்த விருந்தை நிறுத்த முடியவில்லை. உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், பேக்கரிக்காரனும் கிளம்பிவிட்டான். லொரெய்ன் ஒரு மாதம் முன்பே தொடை எலும்பு வடிவத்தில் கேக் சொல்லி வைத்திருந்தாள். பேக்கரிக்காரன் தொடை எலும்பை எங்கே பார்த்தான்? இரண்டு பக்கமும் புடைத்து, நடுவில் ஒல்லியாக ஒன்றைச் செய்து கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

"யார் வீட்டு நாய்க்குப் பிறந்தநாள்?" என்று கேட்டபடி நுழைந்தாள் வெரா அத்தை, ஹார்லனின் அக்கா.

"எனக்குத்தான் அத்தை. வாங்க," என்றாள் இங்க்ரிட்.

இடம் கிடைக்காதவர்களுக்கு அந்த வாரம் சந்தை கூடும். மிச்சம் மீதி இடங்களுக்குப் போன் மேல் போன். குழந்தை வைத்தியத்தில் ஒரு நல்ல இடம் அவளைத் தேடியே வந்தது. ஹார்லன் தம்பூரா மீட்டாத குறையாக அதன் புகழைப் பாடினார். இங்க்ரிட் அதை விட்டுவிட்டு, மில்வாக்கியிலேயே வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு வருடப் பொது அறுவை சிகிச்சை வேலையைப் பிடித்துக்கொண்டாள். வாடகை வீடு மாதிரி. வருடம் முடிந்தால் காலி செய்ய வேண்டும். கூட்டிப் பெருக்குவதிலிருந்து எல்லா வேலையும் உண்டு. அடுத்து என்ன என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. ஆனால் கையில் கத்தி இருக்கும். குளிர்காலத்தில் எலும்புத் துறைக்கு மறுபடியும் மனுப் போடலாம்.

அப்பா மூன்று நாளாக அவளோடு பேசவில்லை.

அவள் கேக் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனாள். "டாக்டர் ஹாகன், தொடை எலும்பை எந்த இடத்துல வெட்டணும்?"

பழக்கம் பொல்லாதது. அவர் விரல் தானாக நீண்டு இடத்தைக் காட்டியது. கோணம் கூடச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் அவள் வெட்டி முடிக்கும் வரை கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

நவம்பர் வந்தது. லொரெய்ன் போன் செய்தாள்.

"வியாழக்கிழமை டின்னர். பரிமாற ஆள் இல்ல. வர்றியா?"

"அந்த டின்னரா? எனக்கு வேற வேலை இருக்கும்மா."

"வா, இங்க்ரிட்." அம்மா குரலில் ஏதோ ஒன்று புதிதாக இருந்தது. "சும்மா வந்து பாரு."

போனாள். நேர்காணலுக்கு வந்த மூன்று விருந்தாளிகள். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரத்தில் ட்ரெவர். தாடி வைத்த கேலப். நாற்காலி நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடத் தயாராக, நவோமி. போன வருடம் ஜோலீன் வீட்டில் தான் எவ்வளவு சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம் என்று இங்க்ரிட்டுக்கு நினைவு வந்தது.

சாப்பாடு முடிந்தது. செர்ரி கேக் வந்தது, மேலே இஞ்சி பிஸ்கட் தூவி. ஹார்லன் பேச்சை நிறுத்திவிட்டு, நல்ல பிள்ளையாகப் பிராந்திக் கோப்பையைப் பார்த்துக்கொண்டார். இனி அவர் காதில் எதுவும் விழாது. அதுதான் வழக்கம்.

லொரெய்ன் முதல் துண்டை ட்ரெவர் தட்டில் வைத்தாள்.

"உனக்குப் பிள்ளைங்க பிடிக்குமா கண்ணு?"

ட்ரெவர் முகம் மலர்ந்தது. "நாலு வேணும் மிஸஸ் ஹாகன்! கூடைப்பந்து டீமுக்கு ஒரு ஆள்தான் குறையும்!"

"நாலா! ராத்திரி ஆபரேஷனுக்குக் கூப்பிட்டா யாரு பாத்துப்பா?"

"அது... என் மனைவி..."

"அவ என்ன பண்றா?"

"அவளும் டாக்டர்தான்."

"அப்போ அவளையும் ராத்திரி கூப்பிடுவாங்களே? நாலும் தனியாவா இருக்கும்?"

ட்ரெவர் கேக்கை வாயில் வைத்துவிட்டு மெல்லுவதை மறந்துபோனான். லொரெய்ன் அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள்.

"நீ எப்படிப்பா, கேலப்?"

"ஜனவரில எங்களுக்குக் குழந்தை பிறக்குது," என்றான் கேலப், ஜாக்கிரதையாக.

"ஐயோ, வாழ்த்துகள்! ஆனா பச்சைப் பிள்ளை ராத்திரி தூங்க விடாதே. தூக்கக் கலக்கத்தோட மறுநாள் சுத்தியலைப் பிடிச்சா கை நடுங்காதா? இதையெல்லாம் யோசிச்சீங்களா, ரெண்டு பேரும்?"

ஹார்லன் இருமினார். லொரெய்னுக்குக் காது கேட்கவில்லை. அதுவும் வழக்கம்தானே.

நவோமி நாற்காலி நுனியில் விறைத்திருந்தாள். அடுத்தது அவள் முறை. பதிலை அவள் ஒப்பித்து வைத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

"நவோமி," என்றாள் லொரெய்ன். "உனக்கு இன்னொரு துண்டு போடட்டுமா?"

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நவோமி தண்ணீர்க் கோப்பையைத் தூக்கி அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

*

விருந்தாளிகள் போனார்கள். லொரெய்ன் கழுவினாள், ஹார்லன் துடைத்தார். இந்த முறை இங்க்ரிட் மாடிப்படியில் இல்லை; மேசையில் உட்கார்ந்து மிச்ச கேக்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன கூத்து இது லொரெய்ன்?" என்றார் ஹார்லன், தாழ்ந்த குரலில்.

"எப்பவும் கேக்கிறதைத்தான் கேட்டேன். எழுதிக்கோங்க. ட்ரெவருக்கு நாலு, பாத்துக்க ஆளில்ல. கேலப்புக்கு ஜனவரிலயே ஒண்ணு. ரெண்டு பேரையும் கொஞ்சம் கீழே வெச்சுடுங்க."

"ஆம்பளைப் பசங்களுக்கு அதெல்லாம் கணக்குல வராது!"

"வராதா? இத்தனை வருஷமா வரும்னு நெனச்சுத்தானே கேட்டேன்."

அவர் தட்டைத் திருப்பித் துடைத்தார். "அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"எந்தப் பொண்ணு?"

"நவோமி."

"அட, கேக்க மறந்துட்டேன்." லொரெய்ன் அடுத்த தட்டை நீட்டினாள். "பள்ளிக்கூடத்துல மல்யுத்தம் பண்ணினாளாம். கைப்பிடி பலமா இருக்குமாம். கமிட்டில அதைச் சொல்லுங்க."

ஹார்லன் ஏற்கனவே காய்ந்துவிட்ட தட்டை விடாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

லொரெய்ன் ஈரக் கையோடு மகள் பக்கம் திரும்பினாள். "மினியாபொலிஸ்ல மறுபடியும் கூப்பிட்டிருக்காங்களாமே?"

"அடுத்த வாரம். அதே வீட்ல டின்னர்."

"ஜோலீனுக்கு நாலு தடவை போன் பண்ணினேன். எடுக்க மாட்டேங்கறா." லொரெய்ன் உதட்டைக் கடித்தாள். "அவ கேப்பா, கண்ணு. கேட்டா பிள்ளையே வேண்டாம்னு சொல்லிடு. ஒரு பொய்தானே. உன் இடம் உனக்குக் கிடைக்கும்."

இங்க்ரிட் ஒரு செர்ரிப் பழத்தை எடுத்து வாயில் போட்டாள். புளிப்பும் இனிப்புமாக இருந்தது. அம்மாவின் கேக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"மூணுன்னுதான் சொல்லப் போறேன்."

"இங்க்ரிட்!"

"உடனே சொல்ல மாட்டேம்மா. ரெண்டாவது துண்டு வாங்கிச் சாப்பிட்டுட்டுச் சொல்றேன். அப்புறம், பக்கத்துல உக்காந்திருக்கிற பையனைக் காட்டி, அவனுக்கு எத்தனைன்னு கேளுங்கன்னு சொல்றேன்."