பதினோரு ஆட்டங்களுக்கு ஒரு குறைப் புத்தகம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருப்பேன். என் தலையில் முடி இல்லை, கை வழுக்கும். சத்தியமும் சேர்ந்து வழுக்கிவிட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் மேசைமேல் கை வைத்துச் சொல்கிறேன். மேசை கெட்டியான மரம்.

முப்பத்தொரு வருஷம் பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர், இரண்டாவது மாடியில் ஒரு கூடமும் ஓர் அறையும் உள்ள வீட்டில் தனியாக இருந்தார். மனைவி, மகளுக்கு ஒன்பது வயதாகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் வளர்ந்து, படித்து, இரண்டு விமானம் மாறிப் போகவேண்டிய ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். போகிற அன்று ஒரே அமளி. பெட்டி மூடவில்லை என்று அதன்மேல் அப்பாவை உட்காரவைத்து ஜிப்பை இழுத்தாள். டிவிக்குக் கீழே தன் வீடியோ கேம் பெட்டியையும், இரண்டு கன்ட்ரோலர்களையும், செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் பதினோரு டிஸ்க்குகளையும் விட்டுவிட்டுப் போனாள்.

"ஆடிப் பாருங்கப்பா, பொழுது போகும்."

"எனக்கு எங்கம்மா பொழுது இருக்கு?"

அன்று மாலை நாலரை மணிக்கே தெரிந்துபோனது, அவரிடம் பொழுது மூட்டை மூட்டையாக இருக்கிறதென்று.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மகள் போன் செய்வாள். "சாப்டீங்களா?" "சாப்டேன். நீ?" "சாப்டேன். அங்க மழையா?" "இல்ல. அங்க?" "இங்கயும் இல்ல." உலகத்தில் எங்குமே மழை இல்லை என்று முடிவானதும் பேச ஒன்றும் இருக்காது. மூன்று நிமிஷம். மீதி வாரத்தில் அந்த மூன்று நிமிஷத்தை அவர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, மழை விசாரணை முடிந்து அவள் "சரிப்பா, அப்போ..." என்று இழுத்ததும், வண்டி கிளம்பிவிடுமே என்ற பதற்றத்தில் அவர் சொன்னார்: "உன் கார் ரேஸ் கேம் ஆடிப் பாத்தேன் பாப்பா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஏதோ சொல்ல வந்து விழுங்கியதுபோல ஓர் அமைதி. பிறகு, "ஆடிப் பாத்தீங்களா? எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"வண்டி நல்ல வண்டி. ஓட்டுறவங்களுக்குத்தான் புத்தி இல்ல. ஒருத்தனாவது திரும்பும்போது லைட் போடுறானா? நான் போட்டேன். முத வளைவுல ஒரு கம்பம் இருந்துச்சு. ஸ்டாப்பிங்னு நினைச்சு நிறுத்தினேன். பன்னெண்டு பேரு ஏறினாங்க."

"ரேஸ் கார்லயா?"

"நாலு பேரு நின்னுக்கிட்டுத்தான் வந்தாங்க. கடைசியா வந்தேன். ஆனா யாரையும் விட்டுட்டு வரல."

அன்று போன் நாற்பது நிமிஷம் ஓடியது.

மறுநாளே நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். பஸ் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து வண்டியை விடுகிற டிரைவர், அன்று கண்ட குறைகளைக் குறைப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். இடப்பக்கம் இழுக்கிறது, கதவு இறுகுகிறது, இரண்டாம் கியர் முனகுகிறது. அடுத்து எடுக்கிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். முப்பத்தொரு வருஷம் எழுதிய கை சும்மா இருக்குமா? முதல் பக்கத்தில் எழுதினார்: 'கார் ரேஸ். ஓடுகிறது. ஹாரன் இல்லை. அவசரம் அதிகம், போய்ச் சேருகிற ஊர் எது என்று எழுதவில்லை.'

அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்று வரிசையாக எடுத்தார். செத்தவர்கள் எழுந்து கும்பலாக ஓடி வருகிற ஆட்டத்தில், மகள் பத்து வருஷமாகத் தாண்ட முடியாத கட்டத்தை ஒரு குண்டுகூடச் சுடாமல் தாண்டினார்.

"அதெப்படிப்பா?"

"காலைல எட்டரை மணி டிரிப் மாதிரிதானே வர்றாங்க. 'உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு'ன்னேன். போயிட்டாங்க."

கட்டங்கள் மேலிருந்து விழ, இடைவெளி இல்லாமல் அடுக்குகிற ஆட்டத்தில் அவர் அடுக்கிய அழகில் ஆட்டத்திடம் இருந்த கட்டங்களே தீர்ந்துபோயின. பஸ் கூரையில் மூட்டை அடுக்கியவருக்கு அது ஒரு விஷயமா? கால்பந்து ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் கோல்கீப்பர் திரும்பி, "அண்ணே, மணி என்ன?" என்று கேட்டான்; சொன்னார்; அதற்குள் கோல் விழுந்துவிட்டது, அதில் அவருக்கு இன்றுவரை மனத்தாங்கல். கத்திச்சண்டை ஆட்டத்தில் குறுகிய மலைப்பாதையில் எதிரே டிராகன் வந்தது. இவர் ஓரம் கட்டி வழிவிட்டார். தீ கக்க வந்த டிராகன், மரியாதைக்குத் தீயைத் தணித்துக்கொண்டு கடந்து போனது. 'எதிரே வரும் வாகனத்துக்கு வெளிச்சத்தைக் குறைக்கத் தெரிந்த ஒரே ஜீவன் இதுதான்' என்று புத்தகத்தில் பதிந்தார்.

எல்லாவற்றையும்விட அவர் அதிகம் பேசியது, சண்டையே இல்லாத ஓர் ஆட்டத்தைப் பற்றி. அதில் குதிரையில் ஏறி எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஒரு மலை உண்டு. உச்சியில் உட்கார்ந்தால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் மஞ்சள் விளக்கு தெரியும்.

"அது யாரு வீடு பாப்பா?"

"அது சும்மா வரைஞ்சு வச்சதுப்பா. அங்க போக முடியாது. நான் எவ்வளவோ சுத்திப் பாத்துட்டேன்."

"போக முடியாத வீட்டுல எதுக்கு விளக்கு எரியணும்?"

புத்தகத்தில், 'விளக்கு தெரிகிறது. வழி இல்லை. உடனே கவனிக்கவும்' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

கீழ்வீட்டில் கண்டக்டர் இருந்தார். அதே பதினாலாம் நம்பரில் இருபத்திரண்டு வருஷம் விசில் ஊதியவர். நான்கு மணிக்கு டீ குடிக்க மாடி ஏறுவார்.

"டிரைவரே, ஊரெல்லாம் சொல்றீரு. ஒரு நாள் ஆடிக் காட்டுமய்யா, கண்ணால பாத்துக்கறேன்."

"டிஸ்க்கு சூடா இருக்கு கண்டக்டரே. ஆறட்டும்."

"போன வாரமும் சூடாத்தானே இருந்துச்சு?"

"உமக்கு ரெண்டு விசில் அடிக்கிற வேலை. இஞ்சினப் பத்தி என்ன தெரியும்? டீயக் குடியும்."

கண்டக்டர் டீயைக் குடித்தார். ஆறு வருஷத்தில் டிஸ்க்கு ஆறவே இல்லை.

பதினொன்றில் பத்து தீர்ந்தன. பதினோராவதை மட்டும் அவர் தொடவில்லை. அதன் அட்டையில் இரண்டு பிள்ளைகள் ஒரு கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு பாறை ஏறுவார்கள். 'இருவர் ஆடுவது' என்று போட்டிருக்கும். அந்த ஆட்டம் வந்தபோது மகளுக்குப் பதின்மூன்று வயது. "அப்பா, இதுக்கு ரெண்டு பேரு வேணும். அஞ்சே நிமிஷம்ப்பா" என்பாள். இவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருப்பார். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கு" என்பார். கையில் டம்ளரோடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி. அவள் ஒரு கன்ட்ரோலரைக் கையிலும் இன்னொன்றை மடியிலும் வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையை இரண்டு எட்டு நடத்திவிட்டு, கீழே வைத்துவிட்டு, மற்ற பிள்ளையை எடுத்து இரண்டு எட்டு நடத்துவாள். நிற்கிற பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

புத்தகத்தில் அந்த ஆட்டத்துக்கென்று தலைப்பு மட்டும் எழுதி, பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார்.

பத்து ஆட்டங்களையும் எத்தனை தடவைதான் ஆட முடியும்? டிராகனுக்கு மூன்றாம் முறை வழிவிட்டதில் சுவாரசியம் இல்லை. நாற்பது நிமிஷம் இருபத்தைந்தாயிற்று, பிறகு பன்னிரண்டு. மகள் வருகிறேன் என்பதும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் லீவு இல்லை, ஒரு வருஷம் வீடு மாறினாள், ஒரு வருஷம் காரணமே சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விசாரணை மறுபடி தலைகாட்டியது. இன்னும் கொஞ்ச நாளில் மூன்று நிமிஷத்துக்கு வந்து நின்றுவிடும் என்று அவருக்குக் கணக்காகத் தெரிந்தது.

அன்றைக்கு அவள்தான் கேட்டாள். "அப்பா, பதினொண்ணாவதப் பத்தி நீங்க ஒண்ணுமே சொன்னதில்லையே?"

"அது ரெண்டு பேரு எடுக்குற வண்டி பாப்பா. ஒத்தையா எடுக்கக் கூடாது. ரூல்."

"நான் வந்தா எடுப்பீங்களா? 'நாளைக்கு'ன்னு சொல்ல மாட்டீங்களே?"

"நீ வா. டூட்டி போட்டு வைக்கிறேன்."

மூன்றாம் வாரம் வந்துவிட்டாள். ஒன்பது நாள் லீவு. முகத்தில் அம்மாவின் சாயல் கூடியிருந்தது. நெற்றியோரம் இரண்டு நரைமுடி. குளித்துச் சாப்பிட்டு, பகல் இரண்டு மணிக்கு டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து குறைப் புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து வரி விடாமல் படித்தாள். கோல்கீப்பர் மணி கேட்ட இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். மஞ்சள் விளக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். டிரைவர் இரண்டு கன்ட்ரோலர்களையும் நாலாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீ போடட்டுமா?"

"இப்பத்தானே குடிச்சோம். உக்காருங்கப்பா."

"முட்டி மடங்காதும்மா."

"பஸ்ல முப்பது வருஷம் மடங்குச்சுல்ல? உக்காருங்க."

சுவரைப் பிடித்து, முனகி, தவணை தவணையாக உட்கார்ந்தார். கண்ணை டிவிக்குக் கீழே கொண்டுபோகாமல், "பயணக் களைப்பு இருக்கும் பாப்பா. வேணும்னா நாளை..." என்று தொடங்கியவர், தன் வாயிலிருந்து வருவது எந்தச் சொல் என்று கேட்டதும் நிறுத்திக்கொண்டார். ஒரு கன்ட்ரோலரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மற்றதை அவளிடம் நீட்டினார்.

"நான் எந்தப் பிள்ளை?"

"இத்தனை வருஷமா நின்னுக்கிட்டே இருக்கே, அது," என்றாள் மகள்.

பிறகு கைப்பையைத் திறந்து, அந்தக் கேம் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற ஒரே வயரை எடுத்தாள். ஆறு வருஷத்துக்கு முன் ஊருக்குப் போன அன்று, அவசரத்தில் அவள் துணிகளோடு சுருட்டிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனது அது.