உலகப் பத்துப் பேரில் ஜெகதீசன்

காட்டுப்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் நூலகம் திறக்கப்போகிறார்கள் என்றதும் எல்லாரையும்விட அதிகம் துடித்தவர் ஜெகதீசன். அம்பத்தூர் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர்; கைக்காசு போட்டு ஒரு நாவலும் அச்சடித்தவர். எத்தனை விற்றது என்று அவர் மனைவி மங்களத்திடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கட்டிலுக்கடியில் பெருக்க முடியவில்லை என்று ஆரம்பித்துவிடுவாள்.

திறப்பு விழாவுக்கு ஒரு பேனர் வேண்டும், உலக இலக்கியத்தைப் புரட்டிப்போட்ட பத்து எழுத்தாளர்களை வரிசைப்படுத்தித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் ரோஹித் கேட்டான். ஜெகதீசன் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒன்பது பேரைப் பிடித்தார். பத்தாவது ஆளைத் தேடி வெகுதூரம் போகவில்லை. குளியலறைக் கண்ணாடி வரைதான் போனார்.

பேனர் கடை வேம்புலியிடம் தன் படத்தை நீட்டும்போது மட்டும் கொஞ்சம் கூச்சம். "கடைசியா, சின்னதா போட்டாப் போதும்ப்பா."

"இன்னா சார் நீ? துட்டு குடுக்கறவன் மூஞ்சிய மூலையில போட்டா என் கடை பேரு இன்னா ஆவுறது? நடுவுல போட்டுர்றேன், சும்மா ஆளு ஒசரத்துக்கு."

இலக்கிய நேர்மை லேசாக முனகியது. அதற்கு அவ்வளவு தெம்பில்லை. "சரி, உன் இஷ்டம். ஆனா கலர் வேண்டாம். அவங்க ஒன்பது பேரும் கருப்பு வெள்ளை. நான் மட்டும் ரோஸ் சட்டையில நின்னா ஒட்டவெச்ச மாதிரி இருக்கும்."

"அண்ணாத்தே, உயிரோட கீறவங்களுக்கு அப்டி போட மாட்டோம்."

"சொன்னதைச் செய்யேன்."

செய்தான். கருப்பு வெள்ளைப் படம் வந்தால் கூடவே என்னென்ன போடுவானோ அதையும் கை தானாகப் போட்டுவிட்டது: இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு, சுற்றிலும் ரோஜா இதழ்கள். எழுத்தெல்லாம் அடியில்.

ஞாயிறு காலை அதை அவன் கேட்டில் கட்டிவிட்டுப் போனபோது ஜெகதீசனும் மங்களமும் மாங்காட்டு அம்மன் கோயில் வரிசையில் நின்றிருந்தார்கள். பத்தில் தன் இடத்தை யாரும் ஆட்சேபிக்கக் கூடாதென்று வேண்டுதல். இங்கே பேனரின் அடியில் இருந்த எழுத்தை ஸ்கூட்டர்கள் மறைத்துக்கொண்டன. எதிர்ப்புறம் இட்லிக்கடை போட்டிருக்கும் சாமுண்டீஸ்வரி பார்த்தாள். பார்த்ததோடு நிற்கிறவளா? மாடியேறிப் போனாள். வீடு பூட்டு. அவ்வளவுதான்.

கோயிலிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய ஜெகதீசன் பூரித்துப்போனார். நூலக வாசலில் கூட்டம். ஆளுக்கொரு கையில் அவருடைய நாவல்! நூலகத்துக்கென்று அவர் கொடுத்திருந்த கட்டைப் பிரித்து ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடி அமல்ராஜ் மூக்கை உறிஞ்சியபடி படிக்கவே ஆரம்பித்திருந்தார்.

"தங்கமான மனுசன்," சாமுண்டீஸ்வரியின் குரல் கேட்டது. "கத எய்தறேன்னு பேசியே சாவடிப்பாரு, அத்த வுட்டா ஒரு கொறையும் கெடயாது."

"பேனர்ல அவரைச் சுத்தி இருக்கற தாடிக்காரங்க எல்லாம் யாருக்கா?" என்றான் ரோஹித். மூக்குக்கண்ணாடி போடாமல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்திருந்தான்.

"கூடப் பொறந்தவங்கபா. ஒரே வேன்ல போயிகினு இருந்தாங்களாம். செம்பரம்பாக்கத்தாண்ட கவுந்துச்சாம். பத்து பேரும் ஸ்பாட்லயே."

மங்களம் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்க போயிட்டீங்களாம்."

ஜெகதீசன் முன்னால் வந்ததும் இரண்டு பேர் அலறினார்கள். பிறகு சிரிப்பு, பிறகு சாமுண்டீஸ்வரிக்கு வசவு. பிறகுதான் அந்த அநியாயம் நடந்தது: ஒவ்வொருவராக வந்து புத்தகத்தை மறுபடி மேஜையில் வைத்தார்கள்.

அமல்ராஜ் மட்டும் படித்த பக்கத்தில் விரலை வைத்தபடி நின்றார். ஜெகதீசனுக்கு உயிர் வந்தது. "வெச்சுக்கோங்க சார், முடிச்சிட்டே குடுங்க."

"இருக்கட்டும் சார்," என்று விரலை உருவினார் அமல்ராஜ். "நீங்கதான் இருக்கீங்களே. நிதானமா படிச்சுக்கலாம்."

சாயங்காலம் வேம்புலி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "தப்பா பூட்ச்சி சார். கலர்ல அட்ச்சி மாத்திர்றேன்."

ஜெகதீசன் மேஜையில் குவிந்து கிடந்த நாவல்களைப் பார்த்தார்.

"ஒரு வாரம் இருக்கட்டும்ப்பா," என்றார். "வெளியூர்லேர்ந்து யாராவது வருவாங்க."