நாலு மணிக்குள் ஒரு காஸ்கெட்

மூன்றாவது நட்டு அசைவேனா என்றது. அல்போன்சா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பானரைப் பிடித்துத் தொங்கினாள். வீட்டுக்குள் அப்பா ரோச், கையில் செபமாலையுடன் படுத்திருந்தார். விடியக்காலையில் போன உயிர். நாலு மணிக்கு அடக்கம்.

"இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்துளா," என்றார் சிலுவை மாமா. திரேஸ்புரத்தில் போட் இன்ஜின் பார்ப்பவர், அப்பாவின் கூட்டாளி.

கோளாறு இதுதான். அப்பாவின் கறுப்புக் காரில் புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கும் காஸ்கெட் அட்டை கிழிந்து ஏழு வருடமாகிறது. வண்டியை எடுத்தால் தெருவே அதிரும். "நாளைக்கு மாத்துதேன்" என்று சொல்லிச் சொல்லியே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். பூசை நேரத்தில் அந்த வண்டி கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது சாமியாரின் கட்டளை. அம்மா மெட்டில்டாவுக்கோ முழங்கால் வீக்கம், கல்லறைத் தோட்டம் வரை நடக்க முடியாது. டாக்ஸி பிடிக்கலாம் என்றதற்கு, "இத்தன வருசமா இந்தப் பேயத்தான் திட்டுனேன். போனா இதுலதான் போவேன், இல்லைன்னா வீட்டுலயே கெடக்கேன்," என்று சொல்லிவிட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். அம்மா இல்லாமல் அப்பாவை அனுப்ப அல்போன்சாவுக்கு மனமில்லை.

"மாதாவே!" என்று ஓர் இழுப்பு. நட்டு கழன்றது.

ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் அடைப்பு. சிலுவை கொண்டுவந்த ஆஸ்பெஸ்டாஸ் அட்டையைக் கழற்றிய புகைக்குழாயின் வாய் மேல் வைத்து, விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினாள். டொக், டொக், டொக். தட்டத் தட்ட அட்டை அதே அச்சில் வெட்டுப்பட்டது.

வீட்டுக்குள்ளிருந்து ஓர் அலறல் கிளம்பியது.

"ஐயையோ! பெட்டிய மூடுதானுவளே! முத்தங்குடுக்குமுன்ன ஆணியடிக்கானுவளே!"

அப்பாவின் தங்கை அமலோற்பவம் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். பின்னால் பெண்கள் கூட்டம். "எண்ணே!" என்று முற்றத்தில் விழப்போனவள், கரிக்கையோடு நின்ற மருமகளைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஏளா, என்னளா பண்ணுத?"

"காஸ்கெட் வெட்டுதேன் அத்த."

"சவத்துமூதி! ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சாவு வீடு குலுங்கிற்று. சன்னல் வழியே பார்த்தால், அப்பாவின் தலைமாட்டில் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்கு எல்லா நட்டும் ஏறிவிட்டது. சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை; இன்ஜின் ஓடுகிறதா என்று சிலுவை குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"ஏலே ரோச்சு, ஒம்மவ ஜெயிச்சிட்டாடே!" என்று வீட்டைப் பார்த்துச் சொன்னவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டிக்குப் பின்னால் கார் ஊர்ந்தது. முன் சீட்டில் அம்மா.

"ஏளா, மெதுவாப் போ!" என்று கத்தினாள். அந்த வண்டிக்குள் கத்திப் பேசியே பழகிய வாய். ஊர்வலமே திரும்பிப் பார்த்தது. அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது.

"இதுக்குள்ள மெதுவாவே பேசலாமாக்கும்," என்றாள்.

பிறகு முன்னால் போகும் பெட்டியைப் பார்த்தபடி தணிந்த குரலில் பேச ஆரம்பித்தாள். மகளிடம் அல்ல. அல்போன்சா ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள்.