ஒன்பது மைல் ஓடிய பழைய வண்டி

"வித்த விலையைக் காட்டுங்க. போன மாசம் போன ஒவ்வொரு வண்டியும், எவ்வளவுக்குப் போச்சுன்னு."

கேட்டேவிட்டாள் கோரா. கார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதன் வக்கீல் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். டீலரிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், விற்ற விலையை மட்டும் கேட்காதீர்கள் என்பதுதான் மொத்தப் பாடமும். தொழிற்சாலையிலிருந்து வண்டி வந்து இறங்கிவிட்டால் அது டீலருடைய சொத்து. கம்பெனி விலைக்கு மேல் அவர் பத்தாயிரம் டாலர் வைத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.

லைல் ஹாக்ஸ்பர் சிரித்தார். அந்த ஒஹையோ ஊரில் அவருடைய அப்பா காலத்திலிருந்து கார் விற்கும் குடும்பம்.

"பாப்பா, உனக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு. விலை?"

"கம்பெனியிலருந்து முப்பது வருஷமா ஆளுங்க வராங்க. காபி குடிப்பாங்க, டோனட் தின்பாங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. யாரும் இதைக் கேட்டதில்ல."

"அவங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்னு தோணல போல. எனக்குத் தோணுது."

தோன்றியது இன்று நேற்றல்ல. காருக்கு வேண்டிய கணினிச் சிப் கிடைக்காமல் தொழிற்சாலைகள் பாதி நாள் மூடிக் கிடந்த காலம் அது. இருநூறு வண்டி நிற்க வேண்டிய ஹாக்ஸ்பரின் முற்றத்தில் பதினொன்றுதான் நின்றன. காலி தெரியாமலிருக்க ஒவ்வொன்றையும் குறுக்காக, தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியிடம் மிஞ்சுகிற வண்டிகளைக் கோராதான் தன் பகுதி டீலர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டும். சீக்கிரம் விற்கிறவருக்குத்தான் கூடுதல் வண்டி என்பது விதி. மற்றவர்களுக்கு ஒரு வண்டி விற்கப் பத்து நாள், இருபது நாள் ஆகிறது. ஹாக்ஸ்பரிடம் காலையில் இறங்குவது மாலைக்குள் விற்றுப்போகிறது. எப்படி? அவள் ஏற்கெனவே இரண்டு முறை கையெழுத்துப் போட்டிருந்தாள். இரண்டு முறையும் இந்த 'எப்படி' செருப்பில் புகுந்த கல் மாதிரி கூடவே வந்தது. இந்த முறை அவள் கையெழுத்துப் போட்டால் அவருக்குப் பதினாறு வண்டி.

இன்று உள்ளே நுழையும்போதே ஒரு பெண்மணி அவளை மறித்துவிட்டார். பெயர் நதீன் ப்ரூவர். படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற நர்ஸ்.

"கோட்டுல கம்பெனி பேட்ஜ் குத்தியிருக்க, நீ அவங்க ஆள்தானே? எட்டு மாசமாக் காத்திருந்தேம்மா. இப்ப வந்து கம்பெனியே ஆர்டரை கேன்சல் பண்ணிட்டுதுன்னு சொல்றாங்க. என் பழைய வண்டியோட கியர் பாக்ஸ் போயிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரன் வண்டியைக் கெஞ்சி வாங்கிட்டு ஏழு வீட்டுக்குப் போறேன். அவனும் திங்கட்கிழமையோட தர முடியாதுன்னுட்டான். வண்டி இல்லேன்னா வேலை இல்ல. இருபத்தாறு வருஷமா உங்க வண்டிதான் ஓட்டறேன். நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

கோரா அங்கேயே மடிக்கணினியைத் திறந்து ஆர்டர் எண்ணைத் தட்டினாள். யாரும் கேன்சல் செய்யவில்லை. வண்டி கட்டி முடித்து, ஒன்பதாம் தேதி இங்கே வந்து இறங்கி, அன்றைக்கே 'விற்றது'. யாருக்கு என்று திரை சொல்லவில்லை. அதனால்தான் நேராக முதலாளி அறைக்குப் போய் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"சரி, விலை வேண்டாம்" என்றாள் இப்போது. "நதீன் ப்ரூவரோட வண்டி எங்க?"

ஹாக்ஸ்பரின் சிரிப்பு நின்றது.

"இதோ பாரும்மா. 2009-ல யாரும் கார் வாங்கல. அப்பவும் உங்க கம்பெனி லாரி லாரியா அனுப்பி என் தலையில கட்டுச்சு. புல்லு முளைச்சு நின்னுச்சு வண்டி, ஒவ்வொண்ணுக்கும் நான் வட்டி கட்டினேன். உங்க ஆபீஸ்ல எவனாவது அழுதானா? இப்ப பதினோரு வண்டியை வெச்சு பன்னிரண்டு மெக்கானிக்குக்குச் சம்பளம் குடுக்கறேன். கிடைக்கிற காலத்துலதானே சம்பாதிக்க முடியும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பது கோராவுக்குத் தெரியும். அவளுடைய அப்பா டொலிடோவில் அதே கம்பெனியின் தொழிற்சாலையில் கதவு மாட்டுகிறவர். 2009-ல் அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அவர் அந்தக் கோபத்தில் யாருடைய வண்டியையும் ஒளித்து வைக்கவில்லை.

பேசும்போது ஹாக்ஸ்பரின் கண் இரண்டு தடவை ஜன்னலுக்குப் போய் வந்தது. அவளும் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு முற்றம், இன்னொரு பலகை: ஹாக்ஸ்பர் பழைய வண்டிகள். பழைய வண்டிகள் என்ன இப்படி மின்னுகின்றன?

எழுந்தாள். கோட்டைக்கூட எடுக்காமல் ரோட்டைத் தாண்டினாள். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே நதீனும் பின்னால் வந்தார்.

முதல் வண்டியின் இருக்கையில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. கண்ணாடியில் ஒட்டிய தாளில் 'ஓடியது: 9 மைல்' என்றிருந்தது. கம்பெனி விலை முப்பத்து நாலாயிரம், இங்கே நாற்பத்து மூவாயிரம். அப்படியே பதினான்கு வண்டிகள் வரிசையாக நின்றன.

"ஒன்பது மைல் ஓடினா பழைய வண்டியாம்மா?" என்றார் நதீன். "அப்ப நானெல்லாம் பிணம்."

கோராவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எவ்வளவு எளிது! தன் வலது கையிலிருந்து இடது கைக்கு விற்றுக்கொள்கிறார். விற்றது என்று கணக்கு வருகிறது, அந்தக் கணக்கைப் பார்த்துக் கம்பெனி மேலும் வண்டி தருகிறது. தந்தது யார்? அவளுடைய கையெழுத்துதான். விலையைக் கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர்கள் வண்டியை எண்ணக் கூடாது என்று சொல்லவில்லை. எண்ணுவது அவள் வேலை. படிவத்தில் அதற்கு ஒரு பக்கமே இருக்கிறது, யாரும் நிரப்புவதில்லை.

குனிந்து, கண்ணாடி வழியாக ஒவ்வொரு சேசிஸ் நம்பராகப் படித்தாள். நதீன் அவற்றைக் கோராவின் போனில் பதிந்துகொண்டே வந்தார். ஏழாவது வண்டி கரும்பச்சை.

"பச்சைதான் வேணும்னு கேட்டேன்" என்றார் நதீன், மெதுவாக.

நதீனின் ஆர்டரோடு நம்பர் ஒத்துப்போனது. வண்டியின் கேரண்டி ஒன்பதாம் தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது ஹாக்ஸ்பரின் மேஜைத் தொலைபேசியில் கோராவின் மேலதிகாரி ஸ்டாடர் காத்திருந்தார். அறைக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தார் ஹாக்ஸ்பர்.

"கோரா, விலையைக் கேட்டியாமே?"

"கேட்டேன் சார். தப்புதான். இப்ப அதைக் கேக்கல. வித்ததாச் சொன்ன பதினாலு வண்டி எதிர்ல நிக்குது."

எங்கே, எந்த வண்டி என்று ஸ்டாடர் கேட்கக்கூட இல்லை. அவருக்கு இது புதிய செய்தி அல்ல என்பது அதிலேயே அவளுக்குப் புரிந்துபோனது.

"வித்ததுன்னு கணக்கு வந்தா வித்தது. தள்ளுபடின்னு ஒரு டாலர் செலவில்லாம இவ்வளவு லாபம் நாம எப்பவும் பாத்ததில்ல. இதைப் போய் ஏன் கிளறுற?"

"வண்டிக்கு எட்டு மாசம் காத்திருந்த அம்மா, தன்னை ஏமாத்தினது ஹாக்ஸ்பர்னு சொல்லல சார். கம்பெனின்னு சொல்றாங்க. நாளைக்கு வண்டி நிறைய வந்து, வாங்க ஆள் இல்லாம நிக்கறப்ப இவங்க வருவாங்களா?"

"நாளைய கதை நாளைக்கு. பதினாறு வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு."

"போட்டாச்சு."

ஹாக்ஸ்பர் நிமிர்ந்தார்.

"பரிந்துரை இல்லைன்னு போட்டிருக்கேன். பதினாலு சேசிஸ் நம்பரும் எண்ணிக்கைப் பக்கத்துல இருக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறப்பவே அனுப்பிட்டேன். அது உங்களுக்கு வராது சார், நேரா தணிக்கைக்குப் போகும்."

"உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

"வேணும். எங்க வீட்டுல காலேஜ் முடிச்சு ஆபீஸ் வேலைக்கு வந்தது நான் ஒருத்திதான். யோசிச்சிட்டுத்தான் அனுப்பினேன்."

ஹாக்ஸ்பரைப் பார்த்துச் சொன்னாள்: "நதீனோட ஆர்டர் தாள்ல உங்க கையெழுத்து இருக்கு, கம்பெனி விலைக்கு. அதைக் கையில வெச்சுக்கிட்டு வெளியில உக்காந்திருக்காங்க. வண்டியைத் தேட வேண்டாம், ஏழாவதா நிக்குது. தணிக்கை ஆளுங்க வரதுக்குள்ள குடுக்கறதா, அவங்க முன்னாடி குடுக்கறதான்னு நீங்களே பாத்துக்கோங்க."

ஸ்பீக்கரில் ஸ்டாடர் இன்னும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கோரா நாற்காலியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.