விழ வேண்டியது பாக்கி

செவ்வாய்க்கிழமை மொட்டைமாடியிலிருந்து வழுக்கினேன். இன்னும் விழவில்லை.

எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் விழுவது உடனே நடக்காது. வழுக்குவது இன்றைக்கு, விழுவது பிறகு. தட்டு கை நழுவினால் எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கலாம். என்றைக்கோ ஒருநாள் சோற்றோடு விழும். இரண்டாம் மாடி சம்மனசு வீட்டு அம்மிக்குழவி பொங்கலுக்கு முன்னால் நழுவியது. ஈஸ்டரன்று விழுந்தது. அதற்குள் அவர்கள் மறந்துபோய் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். கதவும் கூடவே போனது.

மாடிக்கு ஏன் போனாய் என்று கேட்பார்கள். எதிர்வீட்டுக்காரன் தண்ணீர்த் தொட்டியிலிருந்து திருட்டுக் குழாய் இழுத்திருக்கிறான். அதைப் பார்க்கத்தான் போனேன். எட்டிப் பார்த்தேன். செருப்பு வழுக்கியது. கைப்பிடிச் சுவர் என்னைத் தாண்டிப் போனது. கீழே ஆட்டோவின் கூரை தெரிந்தது. நான் காற்றில் நின்றேன். திரும்பி நடந்து, சுவர் ஏறி, படியில் இறங்கி வீட்டுக்கு வந்து டீ குடித்தேன்.

குழாய் இருந்தது. நான் சொன்னதுதான் சரி.

அன்றிலிருந்து என் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னாலும் பின்னாலும் இடம் விடுகிறார்கள். டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுகிறார்.

“பெருசு, விழறதுன்னா ஒரு குரல் குடுத்துட்டு விழு,” என்றார் சம்மனசு. “கீழ எம் பைக்கு நிக்குது.”

“தரையிலேயே படுத்துக்கோயேன். அங்கேர்ந்து எங்க விழப்போற?” என்றார்கள் வேறு சிலர். பி பிளாக் துரைக்கண்ணு அப்படித்தான் படுத்தான். அவன் விழ வேண்டியது மூன்று மாடி. தரையிலிருந்து மூன்று மாடி கீழே விழுந்தான். பள்ளத்தைச் சுற்றித் தகரம் அடைத்திருக்கிறார்கள். அவன் மனைவி ஓரத்தில் நின்று, சாப்பிட்டியா என்று கேட்கிறாள். பதில் மேலே வர நேரமாகிறது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டிலையும் நம்ப முடியாது. அது என்றைக்கு எங்கிருந்து நழுவியதோ.

“கீழ புளோரா மிஸ்ஸு பசங்களுக்கு விழறதப் பத்திதான் பாடம் எடுக்குது. போய்க் கேளு,” என்றாள் என் மனைவி கன்னியம்மா.

“படிச்சவங்க சொல்றதுல பாதி பொய்.”

“மீதிப் பாதியக் கேட்டுக்கினு வா.”

மிஸ்ஸின் பள்ளிக்கூடம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. நான் போகப் போக நடை நீண்டது, கூரை தாழ்ந்தது. முதலில் குனிந்து போனேன். கடைசியில் தவழ்ந்து போனேன். கதவு, படிக்கிற பிள்ளைகளின் உயரத்துக்கு இருந்தது. உள்ளே சின்ன நாற்காலிகள். ஒன்று காலியாக இருந்தது. அதன் முதுகில் என் பெயர் எழுதியிருந்தது.

“உக்காருங்க தாத்தா. கை கட்டுங்க,” என்றார் மிஸ். நான் கை கட்டினேன். மிஸ் ஓர் அழிரப்பரைத் தூக்கிக் காட்டினார்.

“குட்டீஸ், இத விட்டா என்ன ஆகும்?”

“விழும் மிஸ்!”

மிஸ் கையை எடுத்தார். அழிரப்பர் காற்றிலேயே நின்றது. போன வாரம் விட்ட அழிரப்பர் ஒன்று பீரோ மேலிருந்து விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“ஏன் விழுது?”

“பூமி இழுக்குது மிஸ்!”

“எதையெல்லாம் இழுக்குது?”

“ஸ்பூனு! பந்து! மாங்கா! பஸ்ஸு! தாத்தா!”

நான் கையைத் தூக்கினேன். “என்ன ஏன் இழுக்குது? நான் அத ஒண்ணும் பண்ணலியே.”

“உங்கள மட்டும் இல்ல தாத்தா. எல்லாத்தையும்தான். உசர வீசுன பந்தக்கூட விடாது. திரும்ப இழுத்துக்கும்.”

“அரிசி மூட்டையும் அழிரப்பரும் ஒண்ணா?”

“ரெண்டையும் ஒண்ணா விட்டா ஒண்ணாத்தான் தரைக்கு வரும். கோழி றெக்கையத்தான் காத்து கொஞ்சம் தாங்கும்.”

நான் நம்பவில்லை. மூட்டை தூக்கியவன் நான். மிஸ் தூக்கியதில்லை.

ரிப்பன் கட்டிய ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “தாத்தா எப்ப விழுவாரு மிஸ்?”

“அது தாத்தாவுக்கே தெரியாது. எல்லாரும் தாத்தாவுக்குக் கை தட்டுங்க.”

தட்டினார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

மிஸ் ஒரு ஸ்பூனை நூலில் கட்டி மேசையிலிருந்து மெதுவாக இறக்கினார். “இப்ப விழுதா?”

“இல்ல மிஸ். இறங்குது!”

“அவ்வளவுதான் தாத்தா. விழ வேண்டிய உயரத்த இப்படி இறங்கித் தீத்துட்டா, அப்புறம் விழறதுக்கு மிச்சம் இருக்காது.”

“நான் தினமும் படியில எறங்குறேனே?”

“படியத் தரை தாங்குது. அது கணக்குல சேராது. மேலேர்ந்து ஒருத்தர் தாங்கணும். நம்பிக்கையான ஆளா பாருங்க.”

“அப்படி யாரும் கெடையாது,” என்றேன்.

மிஸ் என் புறங்கையில் பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டு அனுப்பிவிட்டார்.

எங்கள் குடியிருப்பில் பெண்கள் கீரை, மீன் வாங்கப் படியிறங்குவதில்லை. கயிற்றில் கூடை கட்டி மாடியிலிருந்து விடுவார்கள். கன்னியம்மாவும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் வாங்குகிறாள். கூடையை மொட்டைமாடிக்கு எடுத்துப் போனோம். கயிற்றை நான் இழுத்துப் பார்த்தேன். முடிச்சை அவிழ்த்து நானே மறுபடி போட்டேன்.

“கீரையப் புடிக்கிறேன், மீனப் புடிக்கிறேன். உன்னப் புடிக்க மாட்டனா?” என்றாள்.

“கீரைக்கு உம்மேல கோவம் கெடையாது.”

“எனக்கு உம்மேல இருக்குதுன்றியா?”

“இருக்குமே.”

“இருக்குது. வாய மூடிக்கினு குந்து.”

குந்தினேன். கூடை எனக்கு அளவெடுத்துப் பின்னியது போல இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

கயிறு இறங்கியது. மூன்றாம் மாடி போனது. இரண்டாம் மாடி வந்தது. அது போனதும் இன்னொரு இரண்டாம் மாடி வந்தது. ஒரு ஜன்னலில் சம்மனசு சவரம் செய்துகொண்டிருந்தார்.

“எங்க, கீழயா?”

“ஆமா.”

“பைக்கப் பாத்துக்க.”

அடுத்த ஜன்னலில் கன்னியம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் கறிவேப்பிலை. கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“கயிறு யார் கையில?”

“என் கையிலதான்.”

“நீ இங்க கீறியே!”

“மேல போயிக் கேளு,” என்று ஜன்னலைச் சாத்தினாள்.

மேலே பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்கு மேல் அவள் தலை கடுகளவு தெரிந்தது. கயிறு இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

கடைசியில் தரை வந்தது. ஒரு சாண்தான் பாக்கி. அப்போது கீரைக்காரி தேசம்மா வந்தாள். கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கட்டுக் கீரையை என் மடியில் வைத்துவிட்டுக் கயிற்றை இரண்டு சுண்டு சுண்டினாள். இங்கே அதற்குத் தூக்கு என்று அர்த்தம்.

“சுண்டாத!” என்று கத்தினேன்.

“காசு நாளிக்கு வாங்கிக்கிறேன்னு சொல்லு,” என்றாள் தேசம்மா.

கூடை கிளம்பிவிட்டது. இறங்கியதெல்லாம் வீணாகப் போனது. மேலே கன்னியம்மா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கீரையை எடுத்து முகர்ந்தாள்.

“முளைக்கீரை கேட்டா அரைக்கீரையக் குடுத்துருக்கா. மாத்திக்கினு வா.”

“என்ன ஏன் தூக்குன?”

“சுண்டுனா தூக்குவேன். இத்தினி வருசமா அதானே பண்றேன்?”

அவள் சொல்லி முடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வழுக்கியது வந்துவிட்டது.

முதலில் வயிறு போனது. பிறகு கூடை, பிறகு நான். ஜன்னல்கள் மேல்நோக்கி ஓடின. கயிறு வெட்டி இழுத்து நின்றது. அண்ணாந்து பார்த்தேன். கன்னியம்மா கைப்பிடிச் சுவரில் வந்து மோதியிருந்தாள். கயிறு அவள் கையில் சுற்றியிருந்தது.

“விட்டுடு!” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் அதைச் சொன்னேன்.

“சொம்மா கெட,” என்றாள். சொல்லும்போதே சுவர் அவளைத் தாண்டிப் போனது.

அவள் வழுக்கியது இப்போதுதான். அதனால் அவள் விழவில்லை. கயிற்றைப் பிடித்தபடி காற்றில் நின்றாள். சேலை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றி என்னை இறக்கினாள். அவளுடையது என்றைக்கு வரும் என்று தெரியாது. அடுத்த வாரமும் வரலாம். அடுத்த பிடியிலும் வரலாம்.

நான் தரையைப் பார்க்கவில்லை. அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு இறங்கினேன். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

கூடையின் அடி மண்ணில் பட்டது. எழுந்து நின்றேன். இரண்டு கால்களும் தரையில் இருந்தன. நான் விழ வேண்டியது தீர்ந்துவிட்டது. தேசம்மா கீரையை மாற்றித் தர வந்தாள். போ என்று சைகை காட்டினேன்.

“தரை வந்துச்சா?” என்று மேலேயிருந்து கேட்டாள் கன்னியம்மா.

அவள் விழ வேண்டியது இன்னும் பாக்கி. கயிற்றை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னும் இல்ல,” என்றேன். “புடிச்சுக்கினே இரு.”