இருபத்தேழு, உள்ளேன் ஐயா

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. எங்கள் லீடர் தொலைபேசியில் உத்தரவு போட்டான். லீடர் என்றால் கட்சித் தலைவன் இல்லை. வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் போடும் பதவியில் இருந்தவன். அறுபத்தேழு வயதாகியும் அந்தச் சாக்பீஸை அவன் கீழே வைக்கவில்லை.

"டேய் ரீலு, நாம பள்ளிக்கூடம் முடிச்சு அம்பது வருஷம் ஆச்சு. விழா எடுக்கறோம், மலர் போடறோம். பிரிவு உபசார விழாவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுது. சிரிப்பா இருக்கணும். அந்த அட்டெண்டன்ஸ் மேட்டரை விட்டுடாத."

"அதுல சிரிக்க என்னடா இருக்கு?"

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோமே."

ரீல் என்பது நான். ஏன் அந்தப் பெயர் என்று இரண்டாம் பகுதி முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

2

முதல் தொடக்கம்: 'எங்கள் கணக்கு ஆசிரியர் எறியும் சாக்பீஸ் வாசலில் வளைந்து, வராந்தா வழியே போய், பக்கத்து வகுப்பில் தூங்குபவனையும் எழுப்பிவிட்டு, அவர் கைக்கே திரும்பி—'

(நிறுத்திவிட்டேன். திரும்பியெல்லாம் வராது. பக்கத்து வகுப்போடு சரி.)

இரண்டாம் தொடக்கம்: 'கூடு கலைந்த பறவைகளாய்ப் பிரிந்த நாங்கள்—'

(நாற்பத்தொரு பேரில் பறவை என்று சொல்லத்தக்கவன் எவனும் இல்லை. ஒருவனிடம் மட்டும் கொஞ்சம் ஆந்தை ஜாடை உண்டு. அவன்தான் லீடர்.)

மூன்றாம் தொடக்கம்: 'அந்த ஐம்பத்தாறு நாளும் காலையில் இருபத்தேழு வகுப்பில் இல்லை, இஸ்திரிக் கடையில் இருந்தான்.'

இது உண்மை. அதனால்தான் இத்தனை நேரம் இதைத் தள்ளிப்போட்டேன்.

3

இருபத்தேழு என்பது வருகைப் பதிவேட்டில் அவனுடைய எண். எங்கள் வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர். மற்ற இருவருக்கும் நெட்டை, குட்டை என்று அடையாளம் இருந்தது. இவன் நடுத்தர உயரம், எண்தான் கிடைத்தது. அவனுடைய அம்மாவே ஒருமுறை பள்ளி வாசலில் வந்து நின்று "இருபத்தேழு இருக்கானாப்பா?" என்று கேட்டாள்.

(கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.)

கடைசி வருடத்தில் அவன் அப்பா ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கரி போட்டுத் தேய்க்கும் பெட்டி; ஒற்றைக் கையால் ஆகிற வேலையில்லை. காலையில் வந்து குவியும் துணிகளை மகன் தேய்த்தான். மதியத்துக்குமேல் புகை வாசனையோடு வகுப்புக்கு வருவான்.

வருகை எடுப்பதோ காலையில். எங்கள் வகுப்பாசிரியர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார். எண்ணைக் கூப்பிடுவார், குரல் வந்ததும் கோடு போடுவார். கண் செய்ய வேண்டிய வேலையைக் காதிடம் ஒப்படைத்த மனிதர். எனக்கோ நாற்பத்தொரு குரலும் அத்துப்படி. "இருபத்தேழு" என்றதும், கரிப்புகையில் கொஞ்சம் கரகரத்த அவன் குரலில், "உள்ளேன் ஐயா" என்பேன். பதிலுக்கு அவன் என் சட்டைக் காலரைக் கத்தி மாதிரி தேய்த்துத் தருவான்.

4

பிரிவு உபசார விழா. மேடையில் பத்து நிமிடம் எனக்கு. வகுப்பாசிரியர் குரலில் எண்களைக் கூப்பிட்டு, அவரவர் குரலில் நானே பதில் சொன்னேன். ஒன்பதின் திக்கல், பதினான்கின் மூக்கடைப்பு, பத்தொன்பதின் கொட்டாவி. கூரைத் தகரம் அதிர்ந்து ஆணிகள் உதிர்ந்தன. (இரண்டு ஆணி.)

"இருபத்தேழு."

"உள்ளேன் ஐயா."

என் குரல் மேடையிலிருந்து வந்தது. அவன் குரல் பழக்கதோஷத்தில் கூட்டத்திலிருந்து வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். எது எவனுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படிச் சிரித்த கூட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"ஐயா, நீங்க அம்பத்தாறு நாளா கேட்டது இந்தக் குரலைத்தான். அவன் கடையில உங்க சட்டையைத் தேச்சுக்கிட்டு இருந்தான்."

வகுப்பாசிரியர் கண்ணாடி கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். லீடர் பெஞ்சைத் தட்டினான். தலைமை ஆசிரியர் கடைசியாகச் சிரித்தார்; மேடைக்கு வந்து என் முதுகில் தட்டி, "நீ பெரிய ஆளா வருவ" என்றார். அவர் சட்டையும் இருபத்தேழு தேய்த்ததுதான்.

திங்கட்கிழமை அவர் பதிவேட்டை வரவழைத்தார். ஐம்பத்தாறு கோடுகளையும் வகுப்பாசிரியரே உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்தினார். வருகை போதவில்லை என்று இருபத்தேழின் தேர்வு நுழைவுச்சீட்டை நிறுத்திவைத்தார்கள்.

5

அன்று மாலை அவன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"நீ புளுகன்னு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஹெச்செம்கிட்ட போய், மேடையில சொன்னதும் புளுகுதான்னு சொல்லிடுடா. நம்பிடுவாரு."

"அவரு நம்பலைன்னா?"

"நீ சொல்லி எவன்டா நம்பாம இருந்திருக்கான்?"

"நாளைக்குப் போறேன்."

"நாளைக்கா?"

"முதல் வேலையா."

போகவில்லை.

(இந்த இடத்தில் கதைசொல்லி நம்பும்படியாக இல்லை என்று எனக்கே படுகிறது. ஏன் போகவில்லை? பயம் என்று எழுதினேன், அடித்தேன். காய்ச்சல் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். முதுகில் தட்டிய கையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னவன், பொய் சொல்லச் சொல்லி ஒருவன் வாசலில் வந்து நின்ற நாளில் யோக்கியன் ஆகிவிட்டேன்.)

நுழைவுச்சீட்டு கொடுத்த அன்று வகுப்பாசிரியர் வரிசையாகக் கூப்பிட்டார். "இருபத்தாறு." "உள்ளேன் ஐயா." "இருபத்தெட்டு." அதற்குப் பதில் வருவதற்குள், மூன்று வருடத்தில் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

6

முடிவுக்கு மூன்று வரைவுகள் வைத்திருக்கிறேன்.

அ) இருபத்தேழு பிற்காலத்தில் நாற்பது சலவைக் கடைகளுக்கு முதலாளியாகி, 'நீ செய்தது நல்லதுக்குத்தான்டா' என்று என்னைக் கட்டிக்கொள்கிறான். (லீடருக்குப் பிடிக்கப்போவது இதுதான். கடை ஒன்றுதான். அதே கடை.)

ஆ) அடுத்த வருடம் தேர்வு எழுதித் தேறுகிறான். (அடுத்த வருடம் அப்பாவின் இன்னொரு கையும் ஓய்ந்துவிட்டது.)

இ) நான் போய் மன்னிப்பு—

(அந்தத் தெரு வழியாகப் போகாமலிருக்க ஐம்பது வருடமாகச் சுற்றி நடக்கிறேன். என் முழங்கால் வலிக்குக் காரணம் கேட்ட டாக்டரிடம் வேறு கதை சொன்னேன்.)

7

நேற்று லீடர் மறுபடி கூப்பிட்டான்.

"இருபத்தேழை நேர்ல போய் அழைச்சேன்டா. வரேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. 'அவன் என்ன எழுதறான்னு பாத்துட்டுச் சொல்றேன்'னான்."

"வேற எதாவது சொன்னானா?"

"என் சட்டையைப் பாத்து, 'காலர் சரியில்ல'ன்னான். சரி, விழாவுல பழைய மாதிரியே வருகை எடுக்கப் போறோம். அவன் வரலைன்னா நீ குரல் குடுத்துடு. சும்மா ஒரு தமாஷுக்கு."

இன்று காலை குளியலறையில் முயன்று பார்த்தேன். பல் போயும் அவன் குரல் போகவில்லை, அதே கரகரப்பு. வெளியிலிருந்து என் மனைவி, "யாரு உள்ள?" என்றாள். 

லீடருக்கு இதைத்தான் அனுப்பப் போகிறேன். அவன் அடிக்க நினைப்பது ஐந்தாம் பகுதியாகத்தான் இருக்கும். அதை அடித்தால் மற்றதையும் கிழித்துப் போடட்டும். அதைப் படித்துவிட்டு இருபத்தேழு வருவானா மாட்டானா என்று கேட்காதீர்கள். அவன் சார்பில் நான் சொன்ன பதில்கள் போதும். விழாவுக்கு நீங்களும் வந்து உட்காருங்கள். எண்ணைக் கூப்பிடும்போது என் வாயைப் பார்க்காதீர்கள், வாசலைப் பாருங்கள்.

"இருபத்தாறு."

"உள்ளேன் ஐயா."

"இருபத்தேழு."